சரிபார்ப்பில் தேறாத பத்தொன்பது பேர்

உங்களுக்கு வேலை இருக்கிறதா?

அவசரப்பட்டு "இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா? மச்சினன் காது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா? அதையெல்லாம் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லும் பதிலைத்தான் வாசலில் நிற்கும் ஒருத்தி டேப்லெட்டில் பதிந்துகொண்டு போகிறாள். அப்படிப் பதிந்தவற்றைக் கூட்டி வகுத்து ஒரு சதவீதம் செய்கிறார்கள். அந்தச் சதவீதம் பத்திரிகையில் வந்தபிறகு அதைச் சந்தேகிப்பவன் முட்டாள் ஆகிவிடுகிறான்.

சீதாலெட்சுமி சந்தேகித்தாள். முட்டாளாக இருந்து சந்தேகிக்கவில்லை. வாசலில் நிற்கும் அந்த ஒருத்தி அவள்தான்.

நாற்பத்தெட்டு வயது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். அவள் வேலை செய்த ஆய்வு மையம் அங்கிருந்து நான்கு கடை தள்ளி, ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை, ஒரே வேலைக்கு ஏன் ஒருவருக்கு ஒரு சம்பளமும் இன்னொருவருக்கு அதில் பாதியும் என்று ஆராயும் தனியார் மையம். சம்பளத்தை ஆராயும் அந்த மையத்தில் சீதாலெட்சுமிக்கு மாதச் சம்பளம் கிடையாது. முடித்துக் கொடுக்கும் படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒருவர் வேலையில்லாதவர் என்று பதிவானால் நாற்பது கேள்விகள் கூடும். கூலியும் கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சம்தான் பிறகு அவள் கழுத்தைப் பிடித்தது.

பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் மின்னணுத் தொழிற்சாலைக்கு வந்தாள். பதின்மூன்று ஆண்டுகள் குனிந்த தலை நிமிராமல் சர்க்யூட் பலகைகளில் ஈயம் பற்றவைத்தாள். 2009இல் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அந்த ஆண்டில் ஒருநாள் அவள் வீட்டு வாசலிலும் ஒருவர் படிவத்தோடு வந்து நின்றார். கணவன் வாசலில் நின்றபடியே வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னான்.

"என் வைஃபா? அவ சும்மாதான் வீட்ல இருக்கா. வேலைக்கெல்லாம் போறதில்ல."

அவள் அப்போது அடுப்படியில் உட்கார்ந்து ஐந்தாவது வேலை விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புருஷன் பேசும்போது குறுக்கே பேசுவதா என்று இருந்துவிட்டாள். வேலை தேடுகிறவள் என்று எழுதியிருந்தால் வேலையில்லாதவர் கணக்கில் அவள் ஒரு எண்ணாகியிருப்பாள். சும்மா இருப்பவள் என்று எழுதியதால் எண்ணாகக்கூட ஆகவில்லை. "தொழிலாளர் தொகுதிக்கு வெளியே" என்று அதற்கொரு பெயர் உண்டு என்பதே அவளுக்குப் பதினைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, இந்த மையத்தின் பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. அந்தக் கணவனை விட்டு அவள் எப்போதோ வந்துவிட்டாள். அந்தப் படிவத்தை மட்டும் விடமுடியவில்லை.

பயிற்சி நடத்தியவர் டாக்டர் சிவேந்திரன். மையத்தின் பொருளாதார ஆய்வாளர். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவரின் பேரன். வீட்டுத் தமிழ் இன்னும் நாக்கிலிருந்து போகவில்லை. கெட்டவர் இல்லை. எண்களிடம் அவருக்கு மரியாதை அதிகம், அவ்வளவுதான்.

"போன கிழமை ஒரு மணித்தியாலமாவது கூலிக்கு வேலை செய்திருந்தால், அவர் வேலையில இருக்கிறவர். உலகம் முழுக்க இதுதான் அளவு" என்றார்.

"வாரத்துல ஒரு வேளை சாப்பிட்டவன, பசியில்லாதவன்னு எழுதுவீங்களா டாக்டர்?" என்று கேட்டாள் சீதாலெட்சுமி.

வகுப்பு சிரித்தது. சிவேந்திரனும் சிரித்தார். கையேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் சி புளோக்கை அவளுக்கு ஒதுக்கினார்கள். கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து பஸ். பஸ் போகும் வழியில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. கேட்டில் சங்கிலி. உள்ளே லாலாங் புல் இடுப்புயரம் வளர்ந்து கிடந்தது. தொற்றுநோய்க் காலத்தில் இரவும் பகலும் கையுறை ஊற்றித் தள்ளிய இடம். சி புளோக்கில் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்த்தவர்கள் என்று பஸ் டிரைவர் சொன்னார்.

ஆனால் கதவைத் தட்டினால் எல்லோருக்கும் வேலை இருந்தது. முதல் மாடியில் ஒன்பது வீடு. ஒன்பதிலும் "வேலை செய்யிறேன்". பகல் பதினோரு மணிக்குக் கைலியோடு நின்றுகொண்டு, பல் குத்தியபடி, "வேலை செய்யிறேன்". சீதாலெட்சுமிக்குச் சந்தேகம் தட்டியது. இதே வரிசையில் பி புளோக்கை எடுத்தவள் கார்த்திகா, பல்கலைக்கழகம் முடித்த பெண். ஒரே நாளில் முப்பது படிவம் முடித்தாள். அவளிடம் சீதாலெட்சுமி ஜாடையாகக் கேட்டாள்.

"ஒக்காந்த எடத்துலயே நெரப்புறியா, கண்ணு?"

"அக்கா! அவங்க சொல்றதத்தான் எழுதுறேன். அது பொய்யா லா?"

பொய் இல்லை. அதுதான் சங்கடம். கார்த்திகா எழுதியது அத்தனையும் அவர்கள் சொன்னதே. இரும்புக் கிரில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, தாழ்வாரம் முழுக்கக் கேட்க, ஓர் ஆம்பளையிடம் "உங்களுக்கு வேலை இருக்கா?" என்று கேட்டால், வேறென்ன சொல்வான்?

இரண்டாம் மாடியில் பதினொன்றாம் எண் வீட்டைத் தட்டியபோது ஒரு பெண் கிரில்லைத் திறக்காமலே எட்டிப் பார்த்தாள். லீலாவதி என்று பெயர், பிறகு தெரிந்தது.

"யாரு? வட்டிக்காரன் அனுப்புன ஆளா? ஆலோங்கா? இங்க யாரும் காசு வாங்கல."

"இல்லக்கா. ஆராய்ச்சி மையத்துலேர்ந்து வரேன். இந்தா பாருங்க, டேக்."

"டேக்கு என்னா, பாசார்ல அஞ்சு வெள்ளி குடுத்தா நானும் அடிச்சுக்குவேன். கவர்மெண்டா?"

"பிரைவேட். வேலை, சம்பளம் பத்திக் கேக்குறோம்."

"எங்க சம்பளம் தெரிஞ்சு ஒங்களுக்கு என்னா லா ஆகப்போவுது?"

அவள் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க அவள் கணவர் வந்து நின்றார். கன்னையா. அவர் சீதாலெட்சுமியைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, பாதி திறந்திருந்த அடுத்த வீட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு தாழ்வாரத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"வேலை செய்யிறேன். கிளவ்ஸ் பேக்டரி. சூப்பர்வைசர். எழுதிக்க."

"எந்த பேக்டரிண்ணே?"

சொன்னார். சங்கிலி போட்ட தொழிற்சாலை.

சீதாலெட்சுமி டேப்லெட்டை மூடினாள். "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா? வெயில் மண்டையப் பொளக்குது."

தண்ணீர் கேட்டவளை வெளியே நிற்கவைத்துக் கொடுக்கும் வீடு சி புளோக்கில் இல்லை. அவளுடைய முறை முழுவதும் அதுதான். உள்ளே போய் உட்கார வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு "வேலை இருக்கா" என்று கேட்கவே கூடாது. போன திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். செவ்வாய்? புதன்? ஒரு வார்த்தைக்குப் பொய் சொல்ல எல்லோருக்கும் வரும். ஒரு வாரம் முழுவதற்கும் சொல்ல யாருக்கும் வராது.

கன்னையாவுக்குத் திங்கள்கிழமை வரைதான் வந்தது. "எந்திரிச்சேன். குளிச்சேன். மோட்டார எடுத்தேன்..." அங்கே நின்றுவிட்டார். கையை நீட்டி ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார். அடுத்த வீட்டுக்குக் கேட்காமலிருக்க.

"ஏழு மாசம் ஆச்சு. இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ். ரெண்டு மாச நோட்டீஸ். வேற எடம் போனேன். பன்னெண்டு மணி நேரம் நின்னாத்தான் ஆயிரத்து எழுநூறு வெள்ளியாம். நான் ரெண்டாயிரத்து எண்ணூறு வாங்குனவன். கேட்டா, 'அங்கிள், தமிழ்நாட்டுலேர்ந்து வர்ற பையன் வாயத் தெறக்காம நிக்கிறான், ஒங்களுக்கு என்னா?'ங்கிறான் ஏஜண்டு."

"அவன் வாயத் தெறந்தா வேலை பெர்மிட்ட கிழிச்சிருவாங்கண்ணே. அதான் தெறக்கல."

"அது எனக்கும் தெரியும்மா. அவன் மேல எனக்கு என்னா கோவம்? வெளிய மட்டும் சொல்லிடாத. நான் கீழ இருக்கற கோயிலுக்குப் பொருளாளர். ஆடித் திருவிழா வருது. ரசீது புத்தகம் என் கையில. வேலை போனது தெரிஞ்சா புடுங்கிருவாங்க. 'சோத்துக்கு வழியில்லாதவன் கையில ஆத்தா காசா?'ன்னு கேப்பாங்க."

"அப்படியெல்லாம் கேப்பாங்களாண்ணே?"

"நானே ஒருத்தனப் பாத்துக் கேட்டுருக்கேன்."

லீலாவதி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆத்தாவுக்கு ஆட்கள் மேல் சந்தேகமில்லை, அவள் கல். சந்தேகமெல்லாம் கோயில் கமிட்டிக்குத்தான். இருபத்திரண்டு வருஷ உழைப்பை இரண்டு மாத நோட்டீஸில் துடைத்துவிட்டுப் போன முதலாளியை இந்தப் புளோக்கில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. வேலை போனவனைச் சந்தேகிக்கிறார்கள்.

"இந்தப் பதில் யாருக்கும் போகாதுண்ணே. பேரில்லாம நம்பராத்தான் போகும்" என்று சீதாலெட்சுமி வாக்குக் கொடுத்தாள்.

அந்த முறையிலேயே முதல் மாடிக்கும் திரும்பிப் போனாள். இரண்டு வாரத்தில் அறுபத்திரண்டு படிவம் முடித்தாள். பத்தொன்பது பேருக்கு வேலை இல்லை. அந்தப் பத்தொன்பதில் ஒருவர் கன்னையாவின் அடுத்த வீட்டு அய்யாவு, அதாவது அந்தப் பாதி திறந்த கதவுக்குச் சொந்தக்காரர், கோயில் கமிட்டியில் கன்னையாவோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறவர். ஜாகா வேலை பார்த்தவர். கட்டடக் காவலுக்கு ஒப்பந்தம் எடுத்திருந்த கம்பெனியே போய்விட்டது. அவரும் தன் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டுதான் சொன்னார். "கன்னையாவுக்கு மட்டும் தெரியக்கூடாது தங்கச்சி" என்றார்.

*

அடுத்த வாரம் சிவேந்திரன் அவளைக் கூப்பிட்டார். மேசையில் நான்கு புளோக்கின் கணக்கு விரிந்திருந்தது. ஏ புளோக்கில் வேலையில்லாதவர் மூன்று பேர். பி புளோக்கில் இரண்டு. டி புளோக்கில் மூன்று. சி புளோக்கில் பத்தொன்பது.

"நான் உங்களைச் சந்தேகப்படேல்லை அக்கா. நம்பர்தான் சந்தேகப்படுது."

"நம்பருக்கு வாய் இருந்தா நேரா என்கிட்டயே கேட்டிருக்கும், டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலையில்லாதவர் படிவத்துக்குக் கூலி கூட. உங்களுக்குத் தெரியும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் முன்னால் திருடி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மரியாதையாகச் சொன்னதுதான் எரிந்தது.

"அப்ப சரிபாருங்க."

"பார்த்தாச்சு. பத்துப் பேருக்கு ஃபோன் செய்தோம். கார்த்திகாதான் பேசினவ. ஏழு பேர் வேலை இருக்கெண்டு சொல்லிட்டினம்."

அவர் திருப்பிய திரையில் வீட்டு எண்கள் மட்டும் இருந்தன. இரண்டாம் மாடி பதினொன்று, அதாவது கன்னையா: "சூப்பர்வைசர், 2,800." இரண்டாம் மாடி பன்னிரண்டு, அய்யாவு: "செக்யூரிட்டி, முழு நேரம்." மற்ற ஐந்து பேரும் அப்படித்தான்.

விதி எளிமையானது. பத்தில் மூன்று வரை பொருந்தாமல் போகலாம். அதற்கு மேல் போனால் அந்தப் புளோக்கின் படிவம் அத்தனையும் தள்ளுபடி. எடுத்தவள் இட்டுக்கட்டியவள் என்று கோப்பில் ஏறும். அந்த ஏழில் நான்கு பேராவது திரும்ப உண்மையைச் சொன்னால்தான் அறுபத்திரண்டு படிவமும் நிற்கும், அவளும் நிற்பாள். திங்கட்கிழமை காலை கணக்கை மூடுகிறார்கள்.

"ஃபோன்ல கேட்டா யாரு டாக்டர் சொல்வா? பக்கத்துல யார் இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமா? பி புளோக்குக்கு வாங்க. வேலை இருக்குன்னு எழுதுன பத்துப் பேர, கதவச் சாத்தி ஒக்கார வச்சு நான் கேக்குறேன். அதையும் சரிபாருங்களேன். எனக்கு மட்டும் ஏன் சோதனை?"

அது நியாயமான கேள்வி. விஞ்ஞானம் என்றால் அதுதான்: ஒரு முறையைச் சந்தேகித்தால் மற்ற முறையையும் அதே தட்டில் வைப்பது. ஆனால் குறைவான எண்ணைச் சரிபார்க்க மையத்தில் யாரும் காசு ஒதுக்கியிருக்கவில்லை. கூடுதலான எண்தான் சந்தேகத்துக்குரியது என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தார்கள். அந்த யாரோ யார், இந்த ஆய்வுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்று அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை. அன்று அதையும் அவள் சந்தேகித்தாள்.

சிவேந்திரன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை நானே வாறன்" என்றார்.

*

ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் பதினொன்றாம் எண் வீட்டு வாசலில் நின்றார்கள். கன்னையா கோயில் வசூலுக்குப் புறப்பட்டு நின்றார். ரசீது புத்தகம் கக்கத்தில். சீதாலெட்சுமியைப் பார்த்ததும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். சிவேந்திரன் பாதி உடம்போடு கதவில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வாம்மா, வா. என் பேர யாருகிட்ட வித்த? எவ்வளவுக்கு வித்த?"

"விக்கலண்ணே."

"பின்ன ஃபோன் எப்படி வந்துச்சு? கமிட்டி மீட்டிங்ல இருக்கேன். அய்யாவு இந்தா, இங்க ஒக்காந்திருக்கான். ஒரு பொண்ணு, 'அங்கிள், இப்ப வேலை செய்யிறீங்களா?'ங்குது. நான் என்னான்னு சொல்றது? மைக்க வாங்கிச் சொல்லவா?"

"அது சரிபாக்கறதுக்கு எடுத்த ஃபோன்ணே. நீங்க சொல்லாதத நான் எழுதிட்டேன்னு அவங்களுக்குச் சந்தேகம்." அவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: ஏழு பேர், நான்கு பேர், திங்கட்கிழமை, கோப்பில் ஏறப்போகும் அவள் பெயர்.

கன்னையா சிவேந்திரனை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு யாரு? ஒன் பாஸா? நல்ல ஷர்ட்டு. சரி, எழுதுனா எனக்கு வேலை வருமா?"

"வராதுண்ணே" என்றாள் சீதாலெட்சுமி.

"எழுதாட்டி?"

"கிள்ளான்ல வேலையில்லாதவங்களே இல்லன்னு எழுதுவாங்க. மூடுன பேக்டரியப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. ஆயிரத்து எழுநூறுக்குப் பன்னெண்டு மணி நேரம் நிக்கச் சொல்றவன், 'எல்லாருக்கும்தான் வேலை இருக்கே, இவருக்கு என்னா கொறச்சல்?'ம்பான்."

லீலாவதி அடுக்களை வாசலிலிருந்து, "அவ சொல்றது நெசந்தானே?" என்றாள். அவள் கணவருக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

கன்னையா குரலைத் தாழ்த்தினார். "இந்த புளோக்ல நான் ஒருத்தன்தானா? வேற யாரு?"

"பத்தொன்பது பேரு. பேரு சொல்ல மாட்டேன்."

"பக்கத்து வீடு?"

ஒரு தலையசைப்பு போதும். யாருக்குப் பயந்து இந்த மனிதர் ஏழு மாதமாக டிவி சத்தத்தைக் கூட்டுகிறாரோ, அந்த மனிதரும் சுவருக்கு அந்தப் பக்கம் இவருக்குப் பயந்து சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்று காட்டிவிட்டால், இரண்டு பேரும் இந்த நிமிஷமே வாயைத் திறப்பார்கள். கணக்கில் இரண்டு தேறும். சீதாலெட்சுமி தன் பார்வை சுவர்ப்பக்கம் போய்விடாமல் கன்னையாவின் முகத்திலேயே வைத்திருந்தாள்.

"சொல்ல மாட்டேண்ணே. ஒங்களப் பத்தி அவங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

சிவேந்திரன் தொண்டையைச் செருமினார். "அக்கா, நீங்கள் கீழே போகவேணும். நீங்கள் நிக்கேக்க கேட்டால் செல்லாது."

அவள் படியிறங்கி, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை ஓரமாக நின்றாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டாம் மாடித் தாழ்வாரம் முழுவதும் தெரியும், பேச்சு கேட்காது. பத்து நிமிடம். பதினைந்து. கன்னையா மறுபடி சூப்பர்வைசர் ஆகிவிடுவாரோ என்று சந்தேகித்தாள். ஹோட்டலில் அறிக்கை வெளியீட்டுக்கு மண்டபம் பிடித்தாயிற்று. சி புளோக் தொலைந்தால் போதும் என்றுதான் சிவேந்திரன் வந்திருக்கிறாரோ என்றும் சந்தேகித்தாள்.

கதவு திறந்தது. கன்னையா வெளியே வந்தார். நேரே அடுத்த வீட்டு கிரில்லுக்குப் போய்த் தட்டினார். அய்யாவு பனியனோடு வந்து நின்றார். கன்னையா என்னவோ சொன்னார். கையை ஆட்டவில்லை, நின்ற இடத்தில் நேராக நின்று சொன்னார். தாழ்வாரத்தில் அங்கங்கே தலைகள் முளைத்தன. பிறகு கக்கத்திலிருந்த ரசீது புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

அய்யாவு அதை வாங்கிக்கொண்டார்.

வாங்கியவர் ஒரு நொடி நின்றார். சிவேந்திரன் டேப்லெட்டோடு அவர் பக்கம் ஓர் அடி வைத்ததும், அய்யாவு தலையை ஆட்டி, கிரில்லை இழுத்துச் சாத்தி உள்ளே போய்விட்டார். சீதாலெட்சுமி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். கீழேயிருந்து ஒரு சத்தம் போட்டால் போதும். "யோவ், ஒனக்கும்தானய்யா வேலை இல்ல!" நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

கன்னையா நிற்கவில்லை. சிவேந்திரனைக் கூட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனார். யார் இந்த வருஷம் நன்கொடையைக் குறைத்தார்கள், யார் "அடுத்த மாசம் வாங்க" என்றார்கள் என்பது வசூலுக்குப் போகிறவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு கதவிலும் முதலில் தன் கதையைச் சொன்னார். பிறகு டாக்டரை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் வெளியே நின்றார். இரண்டு வீடுகள் பூட்டிக்கிடந்தன. ஒரு வீட்டில், "எங்களுக்கு என்னா கொறச்சல்? வேலை இருக்கு, போ" என்று கத்தியது கீழே வரைக்கும் கேட்டது.

மதியம் சிவேந்திரன் இறங்கி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மூண்டு" என்றார். "கன்னையாவோட சேர்த்து மூண்டு பேர்."

"மூணு பேரு மாத்திச் சொல்லியிருக்காங்க டாக்டர். ஒங்க ஃபோன் முறை தப்புன்னு தெரியலயா?"

"தெரியுது."

"அப்புறம்?"

"நாலு வேணும் அக்கா. விதி எல்லாருக்கும் ஒண்டு."

"வெளியில நின்னு கேக்கறதும் எல்லாருக்கும் ஒண்ணு. ஒரே தப்ப எல்லாருக்கும் செஞ்சா அது நியாயம் ஆயிடுமா?"

அவர் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். "அடிக்குறிப்பு ஒண்டு போட முயற்சி செய்யிறன்" என்றார்.

*

போட்டார். அறிக்கை கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் வெளியானது. கிள்ளானின் மலிவு விலைக் குடியிருப்புகளில் வேலையில்லாதோர் நான்கு சதவீதத்துக்கும் குறைவு என்றது அது. அறுபத்தொன்றாம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்: "ஒரு தொகுதி சரிபார்ப்பில் தேறாததால் சேர்க்கப்படவில்லை. சரிபார்ப்பு முறையின் நம்பகத்தன்மை மேலும் ஆராயப்பட வேண்டும்." கன்னையாவும் அய்யாவுவும் மற்ற பதினேழு பேரும் அந்த இரண்டு வாக்கியத்துக்கு அடியில் கிடக்கிறார்கள்.

சீதாலெட்சுமியை அடுத்த ஆய்வுக்குக் கூப்பிடவில்லை. பணமுடக்கம் என்றார்கள். கார்த்திகா மட்டும் ஒருநாள் மாலை அவள் அறைக்கு வந்து, பி புளோக்கில் பத்து வீட்டுக்குத் தன் சொந்தச் செலவில் போய், உள்ளே உட்கார்ந்து கேட்டதாகச் சொன்னாள். நான்கு பேர் வேலை போனதைச் சொல்லி அழுதார்களாம். கையெழுத்தில் எழுதிய பத்துத் தாளை மேசையில் வைத்தாள். அவற்றை வாங்கிக்கொள்ள மையத்தில் ஆளில்லை.

சி புளோக்கில் ஆடித் திருவிழா நடந்தது. கன்னையாவைப் பொருளாளர் பதவியிலிருந்து கைதூக்கி நீக்கினார்கள். காரணத்தை அவர் எதிர்பார்த்த அதே வார்த்தைகளில் சொன்னார்கள். புதுப் பொருளாளர் அய்யாவு. அவர் பேரில் சீதாலெட்சுமிக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை அவள் அதிகநேரம் வைத்திருப்பதில்லை. வேலை போன இரண்டு பேரை ஒருவர்மேல் ஒருவர் கண்வைக்க விட்டுவிட்டு, வேலையைப் பறித்தவன் நிம்மதியாகக் கணக்கை மூடிக்கொண்டு போயிருக்கிறான். கோபம் போக வேண்டிய முகவரி அது.

அவள் இப்போது தொழிற்சாலைகளில் ஆள் குறைப்பு நடந்த இடங்களுக்கு, யாரும் அனுப்பாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறாள். டேப்லெட் இல்லை; ஒரு நோட்டுப் புத்தகம். கன்னையா சில வாரம் தன் மோட்டாரில் அவளை ஏற்றிக்கொண்டு போகிறார். அவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

இதைப் படிக்கும் உங்களிடம் கேட்பது இரண்டே காரியம். அடுத்த முறை வேலையில்லாதோர் இத்தனை சதவீதம் என்று பத்திரிகையில் வந்தால், அதை வெளியிட்டவர்களுக்கு நான்கு வரிக் கடிதம் ஒன்று எழுதுங்கள்: எங்கே நின்று கேட்டீர்கள், யாரைக் கேட்டீர்கள், அவருக்காக வேறு யாரும் பதில் சொன்னார்களா, எத்தனை படிவத்தைத் தள்ளினீர்கள்? பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருங்கள். உங்கள் வாசலுக்கு ஒருத்தி படிவத்தோடு வந்தால், அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள். உங்களுக்கு வேலை இல்லையென்றால், அடுத்த வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை, இல்லை என்று சொல்லுங்கள்.